68 பங்கு, 7 அசை: மாதிதோஸ் கிரிசாந்தோஸ் என்ற இசையாசிரியர் – ஒரு நிகழ்வு ஆய்வு

கிரேக்கத் திருச்சபை இசை கற்க உட்காரும் எவருக்கும் முதல் நாள் பாடம் பா, வூ, கா, தி, கே, ஸோ, நி. ஏதென்ஸ் இசைப்பள்ளியிலும் இதுதான், மலையோரச் சிற்றூர்க் கோயிலின் பாடகர் மேடையிலும் இதுதான். நம் ஸரிகமபதநி போல எப்போதும் இருந்து வந்ததாகவே இது காதில் விழும். ஆனால் இதற்கு வயது இருநூறு ஆண்டு சொச்சம்தான். இதை வகுப்பறைக்குக் கொண்டுவந்தவர் மாதிதோஸ் கிரிசாந்தோஸ். மாதிதோஸ் டார்டனெல்ஸ் நீரிணைக் கரையில் இருந்த கிரேக்க ஊர், இன்று துருக்கியின் எஜெஅபாத். 1770 வாக்கில் அங்கே பிறந்தார். கான்ஸ்டான்டிநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) தலைமைப் பாடகராக இருந்த பெட்ரோஸ் பிசாந்தியோஸிடம் பாட்டுக் கற்றார். லத்தீனும் பிரெஞ்சும் தெரியும். ஐரோப்பியப் புல்லாங்குழல், 'நெய்' எனப்படும் துருக்கியக் குழல் இரண்டும் வாசிப்பார். துறவியாகி, பிறகு பேராயராகி, 1846-இல் காலமானார்.

அவர் செய்ததை 'இசைச் சீர்திருத்தம்' என்று சொல்வது வழக்கம். அதைப் பாடத்திட்டச் சீர்திருத்தம் என்பதே எங்கள் வாசிப்பு. இசை பெரிதாக மாறவில்லை, அதைக் கற்கும் வழிதான் மாறியது. அவருடைய வெற்றியும் சறுக்கலும் இந்த ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன.

பழைய முறை எங்கே அடைத்தது

கிரேக்கத் திருச்சபை இசையை எழுதும் பிசாந்தியக் குறியீடு சுரத்தை எழுதுவதில்லை, சுரத்துக்குச் சுரம் உள்ள நகர்வை எழுதுகிறது: ஒரு படி ஏறு, இரண்டு படி இறங்கு, அங்கேயே நில். இது பழைய முறைக்கும் புதிய முறைக்கும் பொது. பழைய முறையில் இதற்கு மேல் 'பெரிய குறிகள்' என்று ஏறக்குறைய 40 குறிகள் இருந்தன. அவை படி எண்ணிக்கை சொல்லாது. குரலை எப்படி வளைக்க வேண்டும், எந்தச் சொற்கட்டை எப்படி விரிக்க வேண்டும் என்று நினைவூட்டும், அவ்வளவுதான். குறிகள் சில சேர்ந்து வந்தால் அது ஒரு 'தெசிஸ்', அதாவது வாயால் மட்டுமே கடத்தப்படும் ஒரு மெட்டுத் துண்டு. ஏட்டில் அரை வரி, பாடும்போது பல வரி. அந்த விரிவு ஆசிரியரின் வாயில்தான் இருக்கும். ஆயிரக்கணக்கில் இத்தகைய துண்டுகளை மனப்பாடம் செய்யாமல் புதிய ஏட்டைத் திறந்து பாட முடியாது. ஆசிரியர் இறந்தால் அவருக்கு மட்டும் தெரிந்த விரிவும் போயிற்று.

சுரப்பெயர்களும் சுலபமாக இல்லை. ஏறும்போது அனனெஸ், நெயனெஸ், நனா, ஆகியா என்ற நான்கு பெயர்கள் சுழன்று வரும். இறங்கும்போது அதே இடங்களுக்கு வேறு நான்கு பெயர்கள்: அனெயனெஸ், நெஹெயனெஸ், ஆனெஸ், நெயாகியே. விரைந்து ஓடும் வரியை இவற்றை வைத்துப் பாடிப் பாருங்கள், அசை முடிவதற்குள் சுரம் போய்விடும். மேலே போகும்போது ஒரு பெயர், கீழே வரும்போது வேறு பெயர் என்றால் ஓர் இடத்தை 'இந்த இடம்' என்று காது பிடித்துக்கொள்ளவும் வழியில்லை.

முன்பே சிலர் முயன்றார்கள். கியோஸ் தீவைச் சேர்ந்த அகாபியோஸ் பலியெர்மோஸ் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய ஐந்துகோட்டு முறையைக் கொண்டுவரப் பார்த்தார். தலைமைப் பாடகர் யாக்கோவோஸ் எதிர்த்தார். பிறகு அகாபியோஸ் எழுத்துக்களை வைத்து ஒரு முறை செய்தார், அதுவும் எடுபடவில்லை. காரணம் எளிது. இரண்டுமே பழைய ஏடுகள் அனைத்தையும் ஒரே நாளில் படிக்க முடியாதவையாக ஆக்கிவிடும். கிரிசாந்தோஸ் இந்தத் தவற்றைச் செய்யவில்லை. குறிகளின் உருவத்தைத் தொடாமல், அவற்றின் வேலையை மட்டும் திருத்தி எழுதினார்.

அவர் மாற்றியது

முதலில் பெயர். கிரேக்க நெடுங்கணக்கின் முதல் ஏழு எழுத்துக்களை எடுத்துக்கொண்டார். உயிரெழுத்தாக இருந்தால் முன்னால் ஒரு மெய், மெய்யாக இருந்தால் பின்னால் ஓர் உயிர். அல்ஃபா 'பா' ஆயிற்று, வீதா 'வூ', காமா 'கா', தெல்தா 'தி', எப்சிலோன் 'கே', ஸீதா 'ஸோ', ஈதா 'நி'. ஏழும் ஓரசை, ஏறினாலும் இறங்கினாலும் அதே பெயர். தமிழ் வாசகர் ஒரு விஷயத்தில் மட்டும் ஏமாறக் கூடாது. இங்கே 'நி' நம் நிஷாதம் அல்ல, ஐரோப்பிய 'தோ' இருக்கும் இடம். 'பா' என்பது 'ரே'.

அடுத்து, ஏற்ற இறக்கக் குறிகளைப் பத்தாகக் குறைத்தார். இசோன் நிற்கும். ஒலிகோன், பெதாஸ்தி, கெந்திமாதா மூன்றும் ஒரு படி ஏற்றும். கெந்திமா இரண்டு படி, இப்சிலி நான்கு படி. இறங்க, அபோஸ்த்ரோபோஸ் ஒரு படி, எலாஃப்ரோன் ஒரே தாவலில் இரண்டு படி, இபொரோய் அதே இரண்டை ஒவ்வொன்றாக, ஹமிலி நான்கு. ஒரு படி ஏற ஏன் மூன்று குறி? ஒலிகோன் சாதாரண ஏற்றம். பெதாஸ்தி மேலே ஒரு சிறு உதறல் கொடுத்து அழுத்தும். கெந்திமாதா வழுக்கி ஏறும், பாடல் சொல்லின் புதிய அசை அதன்மேல் ஒருபோதும் தொடங்காது. இந்தக் கடைசி விதி தெரிந்தவருக்கு, பாட்டின் சொல் எங்கே வெட்டுப்படுகிறது என்பது குறியைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

மூன்றாவது, தாளம். முன்பு நீட்சி பெரும்பாலும் மரபை நம்பி இருந்தது. இப்போது அது எண்ணிக்கைக்கு வந்தது: கிளாஸ்மா ஒரு தட்டு கூட்டும், கோர்கோன் ஒரு தட்டை இரண்டாகப் பிரிக்கும், தீகோர்கோன் மூன்றாக.

நான்காவது, மர்திரியா எனப்படும் சாட்சிக்குறி. பழைய ஏடுகளிலும் சாட்சிக்குறி உண்டு. கிரிசாந்தோஸ் அதில் சுரப்பெயரின் எழுத்தைச் சேர்த்தார். வரி நடுவே 'நீ இப்போது தி-யில் இருக்கிறாய்' என்று சொல்லும் மைல்கல் இது.

ஒரு வரி, அருகில் இருந்து

நி-யில் தொடங்கும் ஒரு வரி: இசோன், ஒலிகோன், ஒலிகோன், கெந்திமாதா, அபோஸ்த்ரோபோஸ், எலாஃப்ரோன். மாணவர் முதலில் சுரப்பெயரில் பாட வேண்டும், இதற்குப் 'பரல்லகி' என்று பெயர். நி, பா, வூ, கா, வூ, நி. அது நின்ற பிறகு பெயரை விட்டுவிட்டு ஓர் உயிரொலியில் அதே மெட்டு. அதன் பின்தான் சொல். இந்த மூன்று படியில் எதையும் தாண்டக் கூடாது. நேரே சொல்லுக்குப் போகிறவர், காதில் பழகிய மெட்டைப் பாடிவிட்டுக் குறியைப் படித்ததாக நினைத்துக்கொள்வார்.

பிழை வரும் இடங்கள் எல்லா வகுப்பிலும் ஒன்றேதான். எலாஃப்ரோனை ஒரு படியாக எண்ணினால் நி-க்குப் பதில் பா-வில் நிற்பீர்கள். குறியீடு முழுவதும் சார்பு நகர்வு என்பதால், அங்கிருந்து வரி முடியும்வரை எல்லாமே ஒரு படி உயர்ந்து போகும். அடுத்த சாட்சிக்குறி வரும்வரை தவறு தெரியாது. ஆகவே சாட்சிக்குறி வரும் ஒவ்வோர் இடத்திலும் நின்று சரிபார்க்கச் சொல்வார்கள்.

இரண்டாவது பொறி இன்னும் நுட்பமானது. மேலே சொன்ன வரியில் அபோஸ்த்ரோபோஸும் எலாஃப்ரோனும் இடைவெளி விட்டு நிற்கின்றன. அதையே ஒட்டி எழுதினால் பொருள் மாறிவிடும். அப்போது எலாஃப்ரோன் இரண்டு படி இறங்காது, ஒன்றுதான் இறங்கும். முதல் இறக்கம் முந்தைய சுரத்தோடு ஒரே தட்டைப் பகிர்ந்துகொள்ளும். கா, வூ, நி என்பது கா-வூ, பா என்று ஆகிவிடும். அச்சில் அரை மில்லிமீட்டர் இடைவெளி, பாட்டில் ஒரு முழுச் சுர வித்தியாசம்.

கெந்திமாதா ஒலிகோனுக்கு மேலே இருந்தால் ஒலிகோன் முதலில், கீழே இருந்தால் கெந்திமாதா முதலில். கெந்திமா ஒலிகோனுக்கு வலப்புறமோ கீழோ நின்றால் மொத்தம் 2 படி, மேலே நின்றால் 3. இப்சிலி வலது முனையில் நின்றால் 4, இடது முனையில் 5. இவற்றை வாய்பாடு போல ஒப்பிக்க வேண்டியதுதான், வேறு வழியில்லை.

கோர்கோனில் வரும் தவறு தாளத் தவறு. குறி எந்தச் சுரத்தின்மேல் நிற்கிறதோ அதை மட்டும் வேகமாகப் பாடுவார்கள். உண்மையில் முந்தைய சுரமும் பாதியாகச் சுருங்க வேண்டும், இரண்டும் சேர்ந்து ஒரு தட்டு. முந்தையதை முழுதாகப் பிடித்தால் ஒவ்வொரு கோர்கோனிலும் அரைத் தட்டு கூடும். ஆதாரசுருதி பிடிக்கும் இசோன் பாடகர்கள் ஒரு பக்கம் நிற்க, பாடுகிறவர் வேறெங்கோ இருப்பார்.

மூவர் கூட்டு

கிரிசாந்தோஸ் புதிய அசைகளைத் தலைநகரில் கற்பிக்கத் தொடங்கியதும் எதிர்ப்புக் கிளம்பி, அவரைச் சொந்த ஊரான மாதிதோஸுக்கே திருப்பி அனுப்பினார்கள் என்று மரபு சொல்கிறது. அங்கேயும் அவர் கற்பிப்பதை விடவில்லை. ஹெராக்லியா பேராயர் மெலெத்தியோஸின் வீட்டு வேலைக்கு வந்த கொத்தனார்கள் சாரத்தில் நின்றபடி ஏதோ ஏழு அசையில் பாடினார்களாம். விசாரித்தபோது 'மாதிதோஸில் ஒருவர் சொல்லிக்கொடுத்தார்' என்றார்களாம். கதை கொஞ்சம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் முறையின் பலம் எதுவென்பதை அது சரியாகப் பிடித்திருக்கிறது: கொத்தனாருக்கும் வரும்.

1814-இல் முதுபெரும் தந்தை ஆறாம் கிரில்லோஸின் காலத்தில் திருச்சபை அதை ஏற்றது, 1815-இல் கான்ஸ்டான்டிநோபிளில் பள்ளி திறந்தது. மூவர் பொறுப்பு. கிரிகோரியோஸும் ஹால்கியைச் சேர்ந்த ஹூர்மூசியோஸும் பாட்டு கற்பித்தார்கள், கிரிசாந்தோஸ் இலக்கணம். இந்தப் பங்கீடு முக்கியம். கிரிசாந்தோஸ் தனியாக இருந்திருந்தால் கையில் ஓர் அழகான அட்டவணை மட்டும் மிஞ்சியிருக்கும். பழைய ஏடுகளைப் புதிய முறைக்குப் பெயர்த்து எழுதும் மலையளவு வேலையை மற்ற இருவரும் செய்தார்கள். பாட ஏடு இல்லாத குறியீட்டை யாரும் கற்க மாட்டார்கள் என்பது அகாபியோஸின் தோல்வியிலிருந்து தெரிந்த பாடம்.

பள்ளி 1821 வரை நடந்தது. கிரேக்க எழுச்சியோடு மூடப்பட்டது. அந்த ஆறு ஆண்டுகளில் வெளியே போன மாணவர்கள் போதுமானதாக இருந்தது. அவர்களில் ஒருவரான பெட்ரோஸ் எஃபேசியோஸ் புக்கரெஸ்டில் 1820-இல் பிசாந்திய இசையின் முதல் அச்சு நூல்களை வெளியிட்டார். அச்சு என்றால் சாதாரண அச்சு அல்ல. அடியில் ஒரு குறி, அதன்மேல் கெந்திமா, அதற்கும் மேல் கோர்கோன், கீழே குரலழுத்தக் குறி, அதற்கும் கீழே பாடல் வரி. இத்தனை அடுக்கையும் ஈய எழுத்தில் கோக்க வேண்டும். அவரிடம் கற்ற துறவி மக்காரியே 1823-இல் வியன்னாவில் ருமேனிய மொழியில் அதே குறியீட்டில் நூல்கள் அச்சிட்டார். முறை மொழியைத் தாண்டியது இப்படித்தான்.

கிரிசாந்தோஸின் சிறு அறிமுக நூல் பாரிசில் 1821-இல் வந்தது. 'பெரிய இலக்கண நூல்' திரியெஸ்தெயில் 1832-இல், அவர் மாணவர் பனயோத்திஸ் பெலோபிதாஸின் முயற்சியால். அப்போது அவர் திராக் (இன்றைய அல்பேனியாவின் துர்ரெஸ்) பேராயர். பிறகு ஸ்மிர்னா, புர்சா. பேராயர் வேலை அவரை வகுப்பறையிலிருந்து விலக்கிவிட்டது, இசைக்கு அது இழப்பு.

68 எங்கே சறுக்குகிறது

பெரிய நூலில் அவர் தம்பூர் வாத்தியத்தின் தந்தியை வைத்து ஒவ்வொரு சுரத்தின் இடத்தையும் சொல்கிறார். முழுத் தந்தி நி என்றால் பா 8/9, வூ 22/27, கா 3/4, தி 2/3, கே 16/27, ஸோ 44/81, மேல் நி 1/2. இதை வீட்டிலேயே சோதிக்கலாம். இரண்டு பாலங்களுக்கு இடையே சரியாக 81 செ.மீ. தந்தி கட்டுங்கள். பாலத்திலிருந்து அதிரும் நீளம் பா-வுக்கு 72, வூ-வுக்கு 66, கா-வுக்கு 60.75, தி-க்கு 54, கே-க்கு 48, ஸோ-வுக்கு 44, மேல் நி-க்கு 40.5 செ.மீ. விரலை அழுத்தும்போது தந்தி இழுபட்டால் சுரம் உயரும், ஆகவே மெல்லிய நகரும் பாலம் வைப்பது நல்லது. கேட்டால் வூ-வும் ஸோ-வும் பியானோவின் மி, ஸி-யை விடத் தெளிவாகத் தாழ்ந்து நிற்கும். அந்த இசையின் மணமே அதுதான்.

இதுவரை குறையில்லை. அடுத்து மாணவனுக்குப் பின்னம் வேண்டாம் என்று முழு எண்ணுக்கு மாற்றுகிறார்: பெரிய சுர இடைவெளி 12, சிறியது 9, மிகச் சிறியது 7. நி-யிலிருந்து 12, 9, 7, 12, 12, 9, 7. கூட்டினால் 68. அழகாக இருக்கிறது. ஆனால் தந்தியோடு ஒத்துப்போவதில்லை.

சென்ட் கணக்கில் (ஓர் அரைச்சுரம் 100, ஸ்தாயி 1200) பாருங்கள். தந்தி தரும் மூன்று இடைவெளிகள் 204, 151, 143. எண்கள் தருவது 212, 159, 124. தந்தியில் சிறியதும் மிகச் சிறியதும் ஏறக்குறையச் சமம், வித்தியாசம் 7 சென்ட். எண்ணில் அந்த வித்தியாசம் 35 சென்ட் ஆகிவிட்டது. வூ தந்தியில் 355-இல் இருக்கிறது, எண்ணில் 371-இல். ஒரே நூலில் ஒரே சுரத்துக்கு இரண்டு இடம்.

காரணம் கணக்கில் இருக்கிறது. தந்தி நீளத்தைக் கழித்துக் கிடைக்கும் எண்ணைச் சுர இடைவெளி என்று வைத்துக்கொண்டு கூட்ட முடியாது. இடைவெளி என்பது விகிதம். விகிதங்களைக் கூட்டாகச் சொல்ல மடக்கை வேண்டும். 108 பங்குத் தந்தி எடுத்துப் பாருங்கள். அதில் ஒன்பதில் ஒன்று 12, பன்னிரண்டில் ஒன்று 9, கடைசி அடி 88-லிருந்து 81-க்கு, அதாவது 7. அவர் தந்த மூன்று எண்களும் இப்படி வந்துவிடுகின்றன. ஆனால் ஒன்பதாவது பங்கு முழுத் தந்தியிலிருந்தும், பன்னிரண்டாவது பங்கு மீதித் தந்தியிலிருந்தும் எடுக்க வேண்டியவை. அளவுகோல் நடுவழியில் மாறிவிடுகிறது.

வகுப்பில் இதனால் பெரிய சேதம் இல்லை, ஏனென்றால் யாரும் எண்ணைப் பார்த்துப் பாடவில்லை, ஆசிரியர் குரலைக் கேட்டுப் பாடினார்கள். சேதம் வந்தது எண்ணை மட்டும் வைத்து வாத்தியம் செய்யப் புறப்பட்டவர்களுக்கு. 1881-இல் கான்ஸ்டான்டிநோபிளில் ஆர்க்கிமாந்திரித் (உயர்நிலைத் துறவி) கெர்மானோஸ் அஃப்தோனிதிஸ் தலைமையில் ஒரு குழு உட்கார்ந்து அளவுகளைத் திரும்ப எடுத்தது. ஸ்தாயியை 36 ஆகப் பிரித்து 6, 5, 4 என்றது. இன்று பாடநூல்களில் அதை இரட்டித்து 72 என்றும் 12, 10, 8 என்றும் தருகிறார்கள். வூ அங்கே 367 சென்ட். வேடிக்கை என்னவென்றால் இது கிரிசாந்தோஸின் தந்தியை விட அவருடைய தவறான எண்ணுக்கே நெருக்கம். அவர் காது சரியாகக் கேட்டதைக் கை தவறான வழியில் எழுதியதா, அல்லது அறுபது ஆண்டுகளில் பாடகர் குரலே நகர்ந்ததா என்பதை எண்களை மட்டும் வைத்துத் தீர்க்க முடியாது.

பெரிய நூலின் இன்னொரு பலவீனத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உயிருள்ள மரபைச் சொல்லிக்கொண்டே வந்தவர், அரிஸ்தெய்தெஸ் குயின்டிலியானுஸ், மானுவேல் பிரியென்னியோஸ் போன்ற பழைய இலக்கணக்காரர்களின் சொற்களை அதன்மேல் போர்த்துகிறார். தோரியன், ஃபிரிஜியன் என்று பழங்கிரேக்கப் பண்களின் பெயரைப் படித்தால் மதிப்பு கூடும் என்ற அந்தக் காலத்து ஆசை. பாடுகிறவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

போனவை

தலைமைப் பாடகராக இருந்து 1862-இல் காலமான கொன்ஸ்தாந்தினோஸ் கடைசிவரை புதிய முறையை ஏற்கவில்லை. பிடிவாதம் என்று எளிதில் தள்ளிவிடுவார்கள். அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. ஏறக்குறைய 40 பெரிய குறிகளில் புதிய முறையில் நின்றவை கைவிரலில் எண்ணும் அளவு: வாரியா, ப்சிஃபிஸ்தோன், ஒமலோன், அந்திகெனோமா போன்றவை. மற்றவை மெட்டாக விரித்து எழுதப்பட்டுவிட்டன, அல்லது கைவிடப்பட்டன. விரித்து எழுதியதால் சுரம் துல்லியமாயிற்று. ஆனால் 'இங்கே குரலை நடுக்கு', 'இங்கே வளை' என்று சொன்ன குறியின் இடத்தில் இப்போது சுரங்கள் மட்டும் நிற்கின்றன. கமகத்தை எல்லாம் சுரமாக எழுதி, கமகக் குறியை அழித்துவிட்டது போல.

ஹூர்மூசியோஸ் பல ஆண்டுகள் உழைத்துப் பெயர்த்த ஏடுகளில் 34 தொகுதிகளை 1838-இல் ஜெருசலேம் முதுபெரும் தந்தை அத்தனாசியோஸ் விலைக்கு வாங்கினார். அவை இப்போது ஏதென்ஸில் கிரேக்க தேசிய நூலகத்தில் உள்ளன. 20ஆம் நூற்றாண்டின் பெரிய சண்டை அவற்றைச் சுற்றித்தான். இசை ஆய்வாளர்கள் டில்யார்டு, வெல்லெஸ், ஹோக் ஆகியோர் 1931-இல் தொடங்கிய கோபன்ஹேகன் பதிப்பு வரிசை பழைய குறிகளை அப்படியே ஒரு குறிக்கு ஒரு சுரம் என்று படித்தது, மூவரின் விரிவை ஏற்கவில்லை. கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து 1904-இல் ஏதென்ஸ் இசைப்பள்ளிக்கு ஆசிரியராக வந்த கொன்ஸ்தாந்தினோஸ் ப்சாகோஸ், பழைய குறியீடு சுருக்கெழுத்துதான், அதன் விரிவு மூவரிடம் உள்ளது என்று 1917-இல் நூலெழுதி வாதிட்டார்.

கிரேக்க இசை ஆசிரியர் சிமோன் காராஸ் இன்னொரு வழியில் போனார். 1929-இல் தேசிய இசைக்காக ஒரு சங்கம் தொடங்கி, பல பத்தாண்டுகள் கற்பித்து, 1982-இல் தம் இலக்கண நூலை வெளியிட்டார். கைவிடப்பட்ட குறிகள் சிலவற்றை அதில் திரும்பக் கொண்டுவந்தார். அதில் முதன்மையானது ஒக்ஸியா, ஒரு படி ஏற்றும் பழைய சாய்கோடு. கிரிசாந்தோஸ் முறையில் அது தனிக் குறியாக இல்லாமல் போனது. ஏறியதும் குரல் மேலே ஒரு கணம் தொட்டு இறங்க வேண்டும் என்பது காராஸ் வழியினரின் வாசிப்பு. லிகூர்கோஸ் அங்கெலோபுலோஸின் பாடகர் குழு அப்படித்தான் பாடியது. மற்ற பள்ளியினர் இது ஏட்டில் இல்லாததை இட்டுக்கட்டுவது என்கிறார்கள். அச்சு நூலில் ஓர் ஒலிகோனைப் பார்க்கும்போது அது தொடக்கத்திலேயே ஒலிகோனாக இருந்ததா, ஒக்ஸியா இருந்த இடமா என்று அந்தப் பக்கத்தை மட்டும் வைத்துச் சொல்ல வழியில்லை. 1814-க்கு முந்தைய கையெழுத்து ஏட்டில் அதே பாடலைத் தேடி எடுத்து, அசைக்கு அசை விரல் வைத்து ஒப்பிட வேண்டும்.